தொழிற்பட்டியலும் நம் சபராளிகளும்

(பொன்விழாவை ஒட்டிச் சித்தியவானில் நடந்த குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





என்னைப் பேச அழைத்தபோது, "சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றார்கள். அதைச் சொல்ல என்னைவிடப் படித்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். நான் முப்பத்தைந்து ஆண்டு உணவகம் நடத்தியவன். எனக்குத் தெரிந்தது அடுப்பு, கல்லா, பெர்மிட் இந்த மூன்றும்தான். ஆகவே பெர்மிட்டைப் பற்றியே பேசுகிறேன். யார் நாட்டுக்குள் வந்து வேலை செய்யலாம், யார் மனைவி மக்களோடு வாழலாம், யார் தனியாகக் காலம் தள்ளவேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற தொழிற்பட்டியல்கள் இருக்கின்றன. நம் குடும்பங்களில் எந்தச் சபராளியின் கதையை எடுத்தாலும் அதற்குள் அப்படி ஒரு பட்டியல் இருக்கும். நமக்குத்தான் அது தெரிவதில்லை.

என் நன்னாவிலிருந்து தொடங்குகிறேன். அவர் இராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1939இல் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து இந்தச் சித்தியவானுக்கு வந்தார். முதலில் சாப்பாட்டுக் கடையில் வேலை. பிறகு சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு, சம்பள நாளில் தோட்டத்து லயன்களுக்குப் போய் விற்றார். "அந்தக் காலத்தில் விசாவா, பெர்மிட்டா, சும்மா வந்தோம்" என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது முழு உண்மையில்லை என்று பிற்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டம் வெளிநாட்டு வேலையை இரண்டாகப் பிரித்தது. ஒன்று திறன் வேலை, மற்றது திறனற்ற வேலை. விவசாய வேலை திறனற்றது. கைவினைஞர், எழுத்தர், கடைச் சிப்பந்தி, உணவகத்திலும் தேநீர்க் கடையிலும் பணியாற்றுபவர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் செய்வது திறன் வேலை. 1938 ஜூன் மாதத்தில், தோட்டச் சம்பளம் குறைக்கப்பட்டதை ஒட்டி, உதவியோடு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. அந்தத் தடை திறனற்ற வேலைக்கு. கடைக்காரரும் உணவகத்தாரும் அந்தத் தலைப்பில் வரவில்லை. ஆக, மரம் வெட்டப் போகிறேன் என்றிருந்தால் 1939இல் நன்னாவின் பயணம் தடைபட்டிருக்கும். சாப்பாட்டுக் கடைக்குப் போகிறேன் என்றதால் வந்து சேர்ந்தார். நாம் எல்லாரும் இன்று இங்கே உட்கார்ந்திருப்பதற்கு அல்லாஹ்வின் நாட்டத்துக்குப் பிறகு ஒரு சட்டப் பிரிவும் காரணம்.

அடுத்து என் சின்னத்தா. அத்தாவின் தம்பி. டவுனில் ஒரு மளிகைக் கடையில் சிப்பந்தியாக இருந்தார். 1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்து, தொழில் தகுதி உள்ளவர், வணிகத்தை வளர்க்கக் கூடியவர், இங்கே இருப்பவரின் குடும்பத்தார் போன்றவர்களுக்கு மட்டுமே கதவு என்று ஆனது. சின்னத்தா அதற்கு முன்பே வந்துவிட்டவர். ஆனால் குடியுரிமைக்கு மனுப் போடவில்லை. "ஊருக்குத் திரும்பப் போகிற ஆளுக்கு எதுக்கு?" என்பார். அவர் கையில் சிவப்பு அடையாள அட்டை.

1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969க்குப் பிறகு, குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்பது கண்டிப்பாயிற்று. குடிமகன் ஒருவர் செய்யக் கூடிய வேலையா என்பதே கேள்வி. 1922இல் 'திறன் வேலை' என்று எழுதப்பட்ட கடைச் சிப்பந்தி வேலை, 1970இல் 'யாரும் செய்யலாம்' என்ற வேலையாகிவிட்டது. சின்னத்தாவின் பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. வாடகைக் காரில் பினாங்குக்குப் போய், ராஜூலா கப்பலில் அவரை ஏற்றிவிட்டு வந்தோம். அத்தா திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்தும் பல்லாயிரம் பேர் இப்படித்தான் திரும்பினார்கள். சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்வார்கள்.

சின்னத்தாவின் கை மாறவில்லை, கணக்குப் போடுகிற மூளையும் மாறவில்லை. அவர் வேலைக்கு இருந்த பெயரின் மதிப்புதான் மாறியது. நான் இன்று சொல்ல வந்த செய்தி இதுதான். பட்டியல் ஆளைப் பார்ப்பதில்லை. வேலையின் பெயரைப் பார்க்கிறது. அந்தப் பெயருக்கு இன்று என்ன மதிப்பு என்று பார்க்கிறது.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு உலகத்திலுள்ள எல்லா வேலைகளுக்கும் எண் கொடுத்து ஒரு வகைப்பாடு வைத்திருக்கிறது. நம் மலேசியாவின் வகைப்பாடும் அதைப் பின்பற்றியதே. அதைச் சுருக்கமாக 'மாஸ்கோ' என்பார்கள். ரஷ்யாவிலுள்ள ஊர் என்று நினைத்துவிடாதீர்கள்! அனைத்துலக வகைப்பாட்டில் 'செஃப்' என்பவருக்கு எண் 3434. 'குக்' என்ற சமையற்காரருக்கு 5120. சமையலறை உதவியாளருக்கு 9412. முதல் இலக்கத்தைக் கவனியுங்கள். 3 என்றால் தொழில்நுட்ப நிலை. 5 என்றால் சேவைத் தொழில். 9 என்றால் அடிப்படை வேலை. ஒரே அடுப்பங்கரை, ஒரே புகை, ஆனால் மூன்று எண்கள். பல நாடுகள் இந்த மாதிரி எண்ணைப் பார்த்துத்தான் விசாக் கதவைத் திறக்கின்றன.

நம் நாட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெளிநாட்டவர் வேலைக்கு வர முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, உயர் பதவிக்கும் நிபுணருக்கும் கொடுக்கிற வேலை பாஸ். அதில் சம்பளத்தை வைத்துப் பிரிவுகள் உண்டு. விதித்த அளவுச் சம்பளம் வாங்குகிறவர் குடும்பத்தை அழைத்து வரலாம். மற்றொன்று, பி.எல்.கே.எஸ். என்ற தற்காலிக வேலை பாஸ். நாம் 'பெர்மிட்' என்று சொல்வது இதைத்தான். 18 முதல் 45 வயதுக்குள் வரவேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். குடும்பத்தை அழைத்து வர முடியாது. எந்த நாட்டவர் எந்தத் துறைக்கு வரலாம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவிலிருந்து வருகிறவருக்குத் தோட்டம், விவசாயம், சேவைத் துறை, கட்டுமானத்தில் உயர் மின்னழுத்தக் கம்பி வேலை என்று வரையறை. உணவகத்துக்கு என்றால் சமையற்காரராக மட்டுமே.

ஈப்போவில் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஓர் அயல்நாட்டு 'செஃப்' மனைவி பிள்ளைகளோடு இருக்கலாம். நம் கடையில் இருபது ஆண்டு அனுபவமுள்ள பிரியாணி மாஸ்டர் ஊரிலிருக்கும் மகளைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு இருப்பார். இருவரும் சமைக்கிறவர்களே. ஒருவர் ஒரு பட்டியலில், மற்றவர் வேறொரு பட்டியலில். 1922இல் 'திறன் வேலை' என்று எழுதப்பட்ட உணவக வேலைக்கு இன்றைய இடம் இது.

இனி நான் சொல்லப் போவதை மலரில் போடலாமா என்று யோசித்தேன். போடத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கடைக்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி சமையற்காரர் பெர்மிட்டில் வந்தார். நல்ல கைப்பக்குவம், நல்ல குணம். நோன்புப் பெருநாளுக்கு முன் என் மைத்துனர் கடையில் கல்லாவுக்கு ஆளில்லை. "இரண்டு வாரம் அங்கே போய் நில்லு, தம்பி" என்றேன். அவர் தயங்கினார். "முதலாளி, பெர்மிட்டில் இந்தக் கடைப் பேரும் சமையல் வேலையும்தானே போட்டிருக்கு?" என்று கேட்டார். "இரண்டு வாரந்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்றேன்.

ஒன்பதாம் நாள் கேட்டார்கள். சோதனைக்கு வந்த அதிகாரிகள் அவர் பாஸைப் பார்த்தார்கள். முதலாளி வேறு, இடம் வேறு, வேலையும் வேறு. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாஸ் ரத்தாகி ஊருக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வர முடியாதவர்களின் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. எனக்குக் கிடைத்தது அபராதம். அதைக் கட்டிவிட்டு அடுத்த நாள் கடையைத் திறந்தேன். அவருக்கு வாழ்க்கையே மூடியது. மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் அவர் பயணச் செலவுக்குப் பணம் புரட்டியிருக்கிறார். அது எனக்கு அவர் போன பிறகுதான் தெரியும். கடனை நான் அடைத்தேன், நகையும் மீண்டது. ஆனால் நாற்பது வயது வரை இங்கே உழைத்து வீடு கட்டலாம் என்று அவர் போட்டிருந்த கணக்கை நான் எதைக் கொண்டு அடைப்பேன்? தவறு சட்டத்தில் இல்லை, அந்தத் தம்பியிடமும் இல்லை. என்னிடம்தான். அவர் தெளிவாகக் கேட்டார், நான்தான் காதில் வாங்கவில்லை.

அன்றிலிருந்துதான் இந்தப் பட்டியல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் நான் கண்டது, பட்டியல் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதுதான். முடிதிருத்தும் நிலையம், ஜவுளி, பொற்கொல்லர் ஆகிய மூன்று தொழில்களுக்கு 2009 முதல் புதிதாக வெளிநாட்டு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. ஆள் கிடைக்காமல் எத்தனை முடிதிருத்தும் கடைகள் மூடின என்பது உங்களுக்கே தெரியும். பதினான்கு ஆண்டுகள் கழித்து 2023இல்தான் அந்த மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேர் என்று அரசாங்கம் இறங்கி வந்தது. 2018இல் உணவகங்களில் உள்நாட்டுச் சமையற்காரர் மட்டுமே இருக்கவேண்டும் என்ற அறிவிப்பு வந்து நம்மையெல்லாம் கலங்கடித்தது. பிறகு அது தளர்த்தப்பட்டது.

பட்டியலில் வேலை இருந்தாலும், கதவு திறந்திருக்கிறது என்று பொருளல்ல. ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறது. 2023 மார்ச்சில் புதிய ஒதுக்கீட்டு விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. ஏற்கனவே அனுமதி பெற்றவர்கள் 2024 மே 31க்குள் நாட்டுக்குள் வந்துவிடவேண்டும் என்றார்கள். அந்தத் தேதியைப் பிடிக்க முடியாமல், பணம் கட்டிய பங்களாதேஷ் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் டாக்கா விமான நிலையத்தோடு நின்றுபோனார்கள்.

மற்ற நாடுகளும் இப்படித்தான். பிரிட்டன் 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பாளர் வேலையை ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்தது. 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. அதே நாளில் திறன் விசாவுக்குப் பட்டப்படிப்பு நிலை வேலை வேண்டும் என்று தரத்தை உயர்த்தியதால், 'செஃப்' வேலையும் பொதுவான தகுதியிலிருந்து விழுந்தது. சிங்கப்பூர் இதற்கு எதிர்த்திசையில் போனது. 2023 செப்டம்பரில் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையற்காரரை வேலை பெர்மிட்டில் எடுக்கலாம் என்று கதவைத் திறந்தது. 2025 செப்டம்பரில் அதை மற்ற உணவகச் சமையற்காரருக்கும் விரித்தது. நிலையான மாதச் சம்பளம் 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையக்கூடாது என்றும் விதித்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் மலேசியப் பிள்ளை அதே சிங்கப்பூருக்குப் போனால் அந்தத் தொழிற்பட்டியல் அவனுக்குக் குறுக்கே வராது. ஊரிலுள்ள அவனுடைய மாமு மகனுக்கு வரும். ஒரே குடும்பம், இரண்டு கடப்பிதழ், இரண்டு விதி.

இனி நம் பிள்ளைகளுக்கு வருகிறேன். சிங்கப்பூரோடு நிற்காமல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போக நினைக்கிறீர்கள். போங்கள், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் அங்கே நீங்களும் ஒரு பட்டியலில் ஏறவேண்டியவர்கள்தான். ஆஸ்திரேலியா 2024 டிசம்பர் 7 முதல் ஒரு புதிய முதன்மைத் திறன் பட்டியலை வைத்திருக்கிறது. அதில் 456 வேலைகள். அந்த நாட்டு வகைப்பாட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஆறு இலக்க எண். 'செஃப்' ஓர் எண், 'குக்' வேறோர் எண். கைத்தொழில் செய்கிறவரின் திறனை மதிப்பிட அங்கே தனி அமைப்பு உண்டு, தாதியருக்கு வேறொன்று. அவர்கள் கேட்பது சான்றிதழ், சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம். "இருபது வருஷம் அத்தா கடையில் நின்றேன்" என்று வாயால் சொன்னால் ஏறாது.

இங்கேதான் நம் பிள்ளைகள் இடறுகிறார்கள். லுமுட்டில் கப்பல் வேலையில் வெல்டிங் கற்றவர், அத்தா கடையில் சமையல் கற்றவர், பட்டறையில் மோட்டார் கற்றவர் எல்லாரும் நம்மிடம் இருக்கிறார்கள். கையில் தொழில் இருக்கிறது, தாளில் இல்லை. நம் நாட்டுத் திறன் மேம்பாட்டுத் துறை எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழைத் தருகிறது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர், வகுப்பில் முழுக்க உட்காராமலேயே, தன் அனுபவத்தை நிரூபித்து மதிப்பீட்டின் வழி அதைப் பெற முறை இருக்கிறது. விசா தேவையில்லாவிட்டாலும் அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். கடையில் வேலை செய்கிற சொந்தப் பிள்ளைக்கும் சம்பளச் சீட்டுப் போடுங்கள், இ.பி.எஃப். கட்டுங்கள். நாளைக்கு அவன் அனுபவத்துக்கு அதுதான் சாட்சி.

ஊரிலிருந்து "இங்கே ஏதாவது வேலை இருக்கா மாமு?" என்று அழைப்பு வராத வீடு நம்மில் இல்லை. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? முதலில், 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் இங்கே வந்து போகலாம் என்பதை வைத்துப் பல முகவர்கள், "முதலில் வந்துவிடு, பெர்மிட்டைப் பிறகு பார்க்கலாம்" என்று ஆசை காட்டுகிறார்கள். அது சுற்றிப் பார்க்க வரும் அனுமதி. அதில் வேலை செய்தால், வந்தவரும் அகப்படுவார், வைத்திருந்தவரும் அகப்படுவார். பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு.

அடுத்து, பத்தாம் வகுப்புத் தேறாதவரின் இந்தியக் கடப்பிதழ் பெரும்பாலும் இ.சி.ஆர். வகையாக இருக்கும். அவர் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போக இந்திய அரசின் குடியகல்வு அனுமதி வேண்டும். அந்தப் 18இல் மலேசியாவும் ஒன்று. இந்திய அரசில் பதிவு பெற்ற முகவர் வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். இரண்டு இலட்சம், மூன்று இலட்சம் என்று கேட்டால், நகையை அடகு வைப்பதற்கு முன் நம் யாருக்காவது ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

முதலாளிமாருக்கும் சேர்த்து, எனக்கே நான் சொல்லிக்கொள்வதாக, மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று. பெர்மிட்டில் எழுதியிருக்கும் வேலையை மட்டுமே கொடுங்கள், எழுதியிருக்கும் இடத்தில் மட்டுமே நிறுத்துங்கள். சமையற்காரரை அரை நாள் கூட அடுத்த கடைக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டு. அவர் கடப்பிதழை அவரிடமே கொடுங்கள். பிறர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்பது சமாதானமாகாது.

மூன்று. நம் சங்க அலுவலகத்தில் வாரத்தில் ஒரு மாலை, ஊருக்கு அழைப்பு அனுப்புகிறவரும் வெளிநாடு போகிறவரும் வந்து கேட்க ஒரு மேசை போடுவோம். குடிநுழைவுத் துறையின் அன்றைய விதியை, போகிற நாட்டின் அன்றைய பட்டியலைக் கணினியில் பார்த்து, அச்செடுத்துக் கையில் கொடுப்போம். யாரோ சொன்னது, போன வருடம் இருந்தது என்பதெல்லாம் உதவாது. பணம் கட்டுகிற நாளில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. இரண்டு இளைஞர்கள் முன்வந்தால் போதும். முதல் மாலை நான் வந்து உட்கார்கிறேன்.

சின்னத்தா ஊருக்குப் போன பிறகு ஒருமுறைதான் அவரைப் பார்த்தேன். வீட்டுத் திண்ணையில் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். "உங்களை அனுப்பினது அநியாயம் சின்னத்தா" என்றேன். அவர் தராசைத் துடைத்தபடி, "என்னைப் பத்தி யாரும் கேட்கலடா, கடைச் சிப்பந்தியைப் பத்தித்தான் கேட்டாங்க" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

பட்டியலை எழுதுவது நம் கையில் இல்லை. நம் வாசலுக்கு வருகிற ஆளையும், நம் வாசலிலிருந்து போகிற பிள்ளையையும் பற்றிக் கேட்பது நம் கையில் இருக்கிறது. இந்த ஐம்பது ஆண்டுகளாக மையித்துக்கும் நிக்காஹ்வுக்கும் முன்னே நின்ற சங்கம், இதற்கும் முன்னே நிற்கட்டும். அல்லாஹ் நம் சபராளிகள் அனைவரையும் போன இடத்தில் கண்ணியத்தோடு வைத்து, குடும்பத்தோடு சேர்த்து வைப்பானாக. ஆமீன்.